ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கு ஆட்டிசம் இருப்பதைப் போன வருடம்தான் டாக்டர் உறுதிசெய்தார். மெஷின் சத்தத்துக்கு நடுவே சூப்பர்வைசர் வேலையை வாயால் சொல்லிவிட்டுப் போகிறார். திரும்பக் கேட்டால் எல்லார் முன்னாலும் திட்டுகிறார். இப்போது எச்.ஆர்., "வேலைத்திறன் போதவில்லை, நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள்" என்கிறது. என்ன செய்வது?

பதில்: எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால், வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். காகிதத்தை நீட்டினால், "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். நடந்ததை அன்றே எச்.ஆருக்கு ஈமெயிலில் எழுதுங்கள். கோபத்தில் நீங்களாக வேலைக்குப் போகாமல் நின்றுவிடவும் வேண்டாம்.

திறன் குறைவு என்று நீக்குவதானால், எச்சரித்தோம், திருந்தப் போதிய வாய்ப்புக் கொடுத்தோம், அப்படியும் முன்னேறவில்லை என்ற மூன்றையும் தொழிலியல் நீதிமன்றத்தில் நிறுவனம்தான் காட்ட வேண்டும். உங்கள் பலம் அந்த இரண்டாவதில் இருக்கிறது. காதில் விழாத இடத்தில் வேலையைச் சொல்லிவிட்டு, எழுத்தில் தாருங்கள் என்று கேட்டபோதும் மறுத்தால், அதை வாய்ப்பு என்று எப்படிச் சொல்வது? ஆனால் நீங்கள் கேட்டதற்கு ஆதாரம் வேண்டும். "உதவி தேவை" என்று பொதுவாக எழுதாதீர்கள். டாக்டர் கடிதத்தை இணைத்து, உத்தரவுகள் வாட்ஸ்அப்பில் வரட்டும், குறைகளைத் தனியறையில் சொல்லட்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால், "நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?" என்று உடனே செய்தி அனுப்புங்கள்.

வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்ற, 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60-பி (60P) பிரிவின்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாகுபாடு என்றால் தொழிலாளர் அலுவலகத்தில் 69-எஃப் பிரிவில் புகார் செய்யலாம்.

2008 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 29வது பிரிவு வேலையிடத் தொல்லையிலிருந்து பாதுகாப்பைப் பேசுகிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் தண்டனைப் பிரிவு கிடையாது. துணை வாதமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு (OKU) அட்டை எடுப்பது உங்கள் விருப்பம். எடுத்து எச்.ஆரிடம் கொடுத்துவிடுவதே நல்லது என்பேன்; "எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாது.

நீக்கிவிட்டால், தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20வது பிரிவின்படி 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் மனு கொடுங்கள். விடுமுறை நாளும் கணக்கில் சேரும். நிறுவனத்துக்குள் மேல்முறையீடு செய்துவிட்டுக் காத்திருந்து கெடுவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. அதற்காகக் கெடு நீளாது. அங்கு நடக்கும் சமரசக் கூட்டத்துக்கு வக்கீல் உங்களோடு வர முடியாது. ஆகவே ஈமெயில், வாட்ஸ்அப், டாக்டர் கடிதம் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.