தூக்கம் வராதவர்கள் சீக்கிரம் படுக்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

தூக்கம், மன உளைச்சல், மனச்சோர்வு பற்றிச் சேலம் மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஊரும் வேலையும் தெரிந்தாலே பதில் சொல்லிவிடலாம் என்பதால் பெயர்களை எடுத்துவிட்டோம்.

வயது 44. சேலை மடித்து பேக் செய்யும் வேலை. ராத்திரி 9.30 மணிக்கே படுத்துவிடுகிறேன். 12 மணி வரை புரண்டு புரண்டு படுக்கிறேன். கண் அசந்தாலும் நடுவில் ரெண்டு தடவை முழிப்பு. 6 மணிக்கு எழுந்தால் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. பாலில் கசகசா, உள்ளங்காலில் எண்ணெய் எல்லாம் பார்த்தாச்சு. குழுத் தவணை நினைப்பு வேறு. என்ன செய்ய? – இளம்பிள்ளை வாசகி

கசகசாவை விடுங்கள். உங்கள் கடிதத்திலேயே கணக்கு இருக்கிறது. 9.30 முதல் 6 வரை படுக்கையில் எட்டரை மணி நேரம். தூங்குவது நள்ளிரவிலிருந்து காலை வரை, நடுவில் இரண்டு தடவை விழித்ததற்கு அரை மணி என்று வைத்துக் கழித்தால் ஐந்தரை மணி நேரம். அதாவது படுக்கையில் இருக்கும் நேரத்தில் 65 சதவீதம்தான் தூக்கம். நன்றாகத் தூங்குபவர்களுக்கு இது 85-க்கு மேல் இருக்கும். மீதி மூன்று மணி நேரமும் பாயில் படுத்தபடி தவணையைப் பற்றி யோசிக்கிறீர்கள். பாயில் படுத்தாலே யோசனை ஓடத் தொடங்கும் என்று மூளை பழகிவிட்டது.

தூக்கம் வரவில்லையே என்று இன்னும் சீக்கிரம் படுப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பகல் முழுக்க நொறுக்குத் தீனி தின்றவருக்குச் சாப்பாட்டு நேரத்தில் பசி இருக்காது அல்லவா, தூக்கமும் அப்படித்தான். விழித்திருக்கும் நேரம் கூடக் கூடத்தான் தூக்கத்தின் உந்துதல் சேரும். ஆகவே சேலத்து டாக்டர்களும் சரி, வெளிநாட்டு டாக்டர்களும் சரி, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் சொல்லும் முறை இதற்கு நேர் எதிரானது: படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

முதலில் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தேன், தூங்க எவ்வளவு நேரமானது, நடுவில் எவ்வளவு நேரம் விழித்தேன், எப்போது எழுந்தேன். இதைக் காலையில், உத்தேசமாக எழுதினால் போதும். ராத்திரி கடிகாரம் பார்க்கவே கூடாது. செல்போனைத் தலைமாட்டிலிருந்து எடுத்து சமையலறையில் வையுங்கள்.

சராசரி ஐந்தரை மணி நேரம் என்றே வந்தால், எழும் நேரத்தை 5.30 என்று கட்டிப் போடுங்கள். அங்கிருந்து பின்னால் எண்ணினால் படுக்கும் நேரம் நள்ளிரவு 12. அதற்கு முன் பாய் விரிக்கக் கூடாது. ஒரு வாரம் முடிந்ததும் கணக்குப் போடுங்கள். 85 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், அதாவது ஐந்தரை மணியில் நாலே முக்கால் மணி நேரமாவது தூங்கியிருந்தால், 11.45-க்குப் படுக்கலாம். அடுத்த வாரமும் தேறினால் 11.30. 80-க்கும் 85-க்கும் நடுவில் நின்றால் அதே நேரத்தில் இன்னொரு வாரம். 80-க்குக் கீழே போனால் கால் மணி நேரம் குறையுங்கள். ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் படுக்கையில் இருக்கும் நேரம் 5 மணி நேரத்துக்குக் கீழே போக வேண்டாம்.

படுத்துச் சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து கூடத்துக்கு வந்துவிடுங்கள். சின்ன விளக்கு போதும். காயப்போட்டு எடுத்த துணியை மடிக்கலாம், பூண்டு உரிக்கலாம், பழைய வார இதழைப் புரட்டலாம். கண் இமை தானாகக் கீழே இறங்கும்போதுதான் திரும்பப் போக வேண்டும். வெறும் அலுப்பு வேறு, தூக்கக் கலக்கம் வேறு. அலுப்போடு போனால் மறுபடியும் புரளத்தான் செய்வீர்கள்.

இது எங்கே கெடும் என்றால், பெரும்பாலும் இரவு 9 மணி சீரியலில். நாற்காலியில் சாய்ந்தபடி இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் சேர்த்து வைத்த உந்துதலில் ஒரு பங்கு அங்கேயே தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் நின்றபடி செய்கிற வேலை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. அன்று மட்டும் 8 மணி வரை தூங்கினால் திங்கள் இரவு பழைய கதைதான். முதல் வாரம் இப்போதிருப்பதைவிட மோசமாக இருக்கும். அதைப் பார்த்துப் பாதியில் விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். அந்த நாட்களில் பகலில் தூக்கம் சொக்கினால் ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். வலிப்பு நோய், இருதுருவ மனநோய் உள்ளவர்கள், லாரி, பஸ் ஓட்டுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்த முறையைத் தொடவே கூடாது.

தவணைக் கவலைக்கு மாலை 6 மணிக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். நோட்டின் இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் அடுத்து செய்ய வேண்டியது. "செவ்வாய்க்கிழமை தவணைக்குப் பணம் குறைகிறது" என்று இடப்பக்கம் எழுதினால், "நாளை காலை 10 மணிக்குத் தலைவியிடம் பேசி ஒரு வாரம் அவகாசம் கேட்பது" என்று வலப்பக்கம். செய்ய எதுவுமில்லாத கவலைக்கு வலப்பக்கம் ஒரு கோடு இழுங்கள். ராத்திரி அது வந்தால் "எழுதியாச்சு, நாளை ஆறு மணிக்கு" என்று தள்ளிவிடலாம்.

எஸ்டேட்டில் வேலை. குளிருக்கு ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் காபி, கடைசி டம்ளர் ராத்திரி 7 மணிக்கு. பனி இறங்கினால் ஒரு கோட்டரும் உண்டு. தூக்கம் உடனே வருகிறது, ஆனால் 2 மணிக்கு முழிப்பு. – ஏற்காடு, நாகலூர் பகுதி வாசகர்

2 மணி முழிப்புக்கு முதல் சந்தேகம் கோட்டர் மேல்தான். சாராயம் ஆளைச் சீக்கிரம் சாய்க்கும். உடம்பு அதைக் கரைத்து முடித்ததும் இரவின் பின்பாதித் தூக்கம் துண்டு துண்டாகும். குளிருக்கு இதம் என்பதும் ஏமாற்று. தோலுக்கு ரத்தம் கூடுதலாக ஓடுவதால் சூடு மாதிரித் தெரிகிறது. உண்மையில் உடம்பு சூட்டை இழக்கிறது. தினமும் அதிகம் குடிப்பவர் என்றால் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். நடுக்கம், வலிப்பு வரலாம். டாக்டர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

காபி விளையும் மலையில் இருப்பவரிடம் காபியை விடச் சொல்ல மனம் வராது. நேரத்தை மாற்றினால் போதும். காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். 7 மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் டம்ளரில் 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் நள்ளிரவில் 50, விடியற்காலை 5 மணிக்கும் 25 மிச்சம். தூங்கிவிட்டாலும் தூக்கத்தின் ஆழத்தை அது குறைக்கும். கடைசி டம்ளர் பகல் 1 மணிக்குள் முடியட்டும். சட்டென்று ஆறிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் அடுத்த நாளே மண்டை இடிக்கும்; நாலைந்து நாளுக்கு ஒரு டம்ளராகக் குறையுங்கள். மாலை டம்ளருக்கு இரண்டாம் டிகாக்‌ஷன், அதற்கடுத்த வாரம் சுக்குமல்லிக் காபி. சிக்கரியில் கஃபீன் கிடையாது என்பதால் தூளில் சிக்கரி கூடுவதும் ஒரு வழிதான், ருசியில் சமரசம் செய்ய முடிந்தால். ரொபஸ்டாவில் அரபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன் உண்டு. தூள் வாங்கும்போது அதையும் கேளுங்கள்.

இன்னொன்று: பனி மூடிய நாட்களில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதீர்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் நேர்ப்படும். வீட்டு விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். மேகமூட்டமான வெட்டவெளியில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். 7 மணிக்கு ஸ்வெட்டர், குல்லா போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடந்தால் பனியிலும் பலன் உண்டு.

மாலையில் தட்டுவடை செட், ராத்திரி 10 மணிக்குச் சாப்பாடு. தூக்கத்தைக் கெடுக்குமா? சாதிக்காய்ப் பால் நல்லதா? – குகை வாசகர்

7 மணிக்குச் சாப்பிடும் தட்டுவடை செட் எந்தப் பாவமும் செய்யவில்லை. கெடுப்பது 10 மணிச் சாப்பாடு. வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் எழுப்பிவிடும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள். தட்டுவடை தின்ற நாளில் இரண்டு இட்லி போதும். சாதிக்காய் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டவே வேண்டாம். ஒரு முழுக் காயை அரைத்துக் குடித்தால் வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போக நேரும்.

தறியில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு ஷிஃப்ட் முடிந்து காலை 7 மணிக்கு வந்து படுத்தால் 10 மணிக்கே எழுந்துவிடுகிறேன். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன் என்று வீட்டில் சண்டை. – ஜலகண்டாபுரம் வாசகர்

எரிச்சல் உங்கள் குணமல்ல, தூக்கக் கடன். ஷிஃப்ட் மாறாமல் இது முழுதாகச் சரியாகும் என்று சொல்வது பொய். குறைக்கலாம்.

கடைசி டீ ராத்திரி 1 மணிக்குள். 2, 3 மணிக்கு முறை வைத்து ஆளுக்கு இருபது நிமிடம் கண்ணயர வழி இருந்தால் விடாதீர்கள். அதற்கு மேல் நீண்டால் எழும்போது மந்தமாக இருக்கும். வீடு திரும்பும் வழியில் முகத்தில் அடிக்கும் வெயில் "விடிந்துவிட்டது, எழு" என்று மூளைக்குச் சொல்லும், ஆகவே கறுப்புக் கண்ணாடி, தொப்பி. ஆனால் கண் சொக்கும் நாளில் வண்டியை எடுக்கவே வேண்டாம். ஷெட்டிலேயே கொஞ்சம் படுத்து எழுந்து வாருங்கள்.

ஒரே மூச்சில் 7 மணி நேரம் பகலில் கிடைக்காது. இரண்டாகப் பிரியுங்கள்: காலை 7.30 முதல் 12 வரை, பிறகு ஷிஃப்டுக்கு முன் இரண்டரை மணி நேரம். ஜன்னலுக்கு இரண்டடுக்குக் கறுப்புத் துணி, ஓரங்களில் ஒளி கசியாதபடி ஆணியடித்து. சிமெண்ட் ஷீட் கூரை என்றால் சித்திரை வெயிலுக்கு முன்பே மேலே வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் காதடைப்பான் போதும். அதை அப்படியே திணித்தால் பலன் இல்லை. விரலால் மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையால் காது மடலை மேலேயும் பின்னாலும் இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

வீட்டிலுள்ளவர்களுக்கு: பகல் 12 மணி வரை சிலிண்டர்காரர் வந்தாலும் அவரை எழுப்பாதீர்கள்.

மகன் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். இரண்டு முறை போய்விட்டது. இப்போது 11 மணி வரை படுக்கை, கையில் போன். யாரோடும் பேசுவதில்லை. சோம்பேறி என்று அப்பா திட்டுகிறார். – கன்னங்குறிச்சி, ஒரு தாய்

திட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் வாடிக் கிடந்து, முன்பு பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போய், தூக்கமும் பசியும் மாறியிருந்தால் அது சோம்பல் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். இவை குறைந்தாலும் இதே மாதிரி இருக்கும்.

மனசு சரியானதும் எழுந்து வேலை செய்யலாம் என்று காத்திருப்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். செயல் முன்னால் போக வேண்டும், மனசு பின்னால் வரும். ஒரு வாரம், ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தான், மனநிலை பத்துக்கு எத்தனை என்று அவனே குறிக்கட்டும். போனோடு கிடந்த மணியில் இரண்டும், நண்பனோடு டீ குடித்த மணியில் நாலும் இருப்பதை அவன் கண்ணாலேயே பார்ப்பான். பிறகு தினமும் மூன்றே காரியம்: உடம்புக்கு ஒன்று, செய்து முடித்தோம் என்று தோன்ற ஒன்று, மனிதர்களோடு ஒன்று. காலை 7.30 மணிக்கு மூக்கனேரிக் கரையில் பத்து நிமிட நடை. ஒரே ஒரு பாடத்தில் ஐந்து வினா. மாலையில் மாமா வீட்டுக்கு ஒரு எட்டு. அளவு அற்பமாக இருக்க வேண்டும், நேரம் மட்டும் மாறக் கூடாது. "நாளையிலிருந்து எட்டு மணி நேரம் படிப்பேன்" என்று ஆரம்பித்தால் மூன்றாம் நாள் விழுந்துவிடும், குற்ற உணர்ச்சி கூடுதலாகச் சேரும். நடை பத்திலிருந்து வாரம் ஐந்து நிமிடமாகக் கூடி, அரை மணி நேரம் என்று வாரத்தில் ஐந்து நாள் நிலைத்தால் போதும்.

"நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும், "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது. தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104 இரண்டும் எந்த நேரமும் எடுக்கும்.

மூன்று வருடமாகத் தூக்கத்துக்கு அல்பிரசோலம் அரை மாத்திரை. நிறுத்திவிடலாமா? – அஸ்தம்பட்டி வாசகர், வயது 67

நிறுத்த வேண்டும், ஆனால் இன்றைக்கே அல்ல. திடீரென்று விட்டால் தூக்கம் முன்னைவிடக் கெடும், கை நடுங்கும், வலிப்புகூட வரலாம். எழுதிக்கொடுத்த டாக்டர் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைப்பார். அதுவரை ராத்திரி பாத்ரூம் வழியில் விளக்கு எரியட்டும். உங்கள் வயதில் இந்த மாத்திரையால் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் பெரிய பயம்.

கணவர் லாரி ஓட்டுகிறார். குறட்டை பயங்கரம், நடுவில் மூச்சே நின்ற மாதிரி ஆகி திடுக்கிட்டு எழுகிறார். பகலில் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறார். – சங்ககிரி வாசகி

மேலே சொன்ன எந்த யோசனையும் இவருக்கு வேண்டாம். தூக்கத்தில் மூச்சுத்தடைக்கு உரிய அடையாளங்கள் அத்தனையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். காது மூக்கு தொண்டை டாக்டரையோ நுரையீரல் டாக்டரையோ பார்த்து தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுப்பதும் உடல் எடை குறைவதும் குடியை விடுவதும் உதவும், ஆனால் பரிசோதனைக்கு அவை மாற்று இல்லை. அதுவரை பகலிலும் சரி, இரவிலும் சரி, லாரி ஓட்ட வேண்டாம். டாக்டரிடம் போகும் முன் ஒரு ராத்திரி அவர் தூங்கும்போது, மூச்சு நின்று திரும்பும் இடம் வரும்படி, இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.