சர்வருக்கு முன்கூட்டியே டிப்ஸ் கொடுத்தால் கவனிப்பு கூடுமா?

கேள்வி: அப்பாவின் 70-வது பிறந்தநாளுக்கு ஒரு ரெஸ்டாரன்ட்டின் பார்ட்டி ஹாலில் 30 பேருக்கு விருந்து வைக்கிறோம். உட்கார்ந்ததுமே சர்வருக்கு ரூ.500 கொடுத்துவிட்டால் கவனிப்பு நன்றாக இருக்கும் என்கிறார் கணவர். ஹால் பிடித்துக் கொடுத்தவரோ, “பசங்களுக்கு டிப்ஸ் ரூ.2,000 என்கிட்ட கொடுத்துடுங்க, நான் பார்த்துக்கிறேன்” என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, மதுரை

பதில்: முதலில், அந்த ரூ.2,000-ஐ அவரிடம் கொடுக்காதீர்கள். இப்படி வாங்கப்படும் பணத்தில் எவ்வளவு பரிமாறுகிறவர் கைக்குப் போகிறது என்று உங்களால் கேட்கவே முடியாது. நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டது தெரியாமல், விருந்து முடிந்ததும் சர்வர்கள் உங்கள் முன்னால் வந்து நிற்பார்கள். இரண்டாவது முறையும் பர்ஸைத் திறப்பீர்கள். ஹால் புரோக்கர், கேப்டன், சூப்பர்வைசர் யார் கேட்டாலும் இதுதான் பதில்: “நானே கொடுத்துக்கிறேன்.”

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. நான்கு பேர் சாதாரணமாகச் சாப்பிடப் போனால் முன்கூட்டியே டிப்ஸ் தேவையில்லை. ஆர்டர் எடுப்பவர் ஒருவர், கொண்டுவருபவர் வேறொருவர். பிரியாணி தாமதமாவது பெரும்பாலும் கிச்சனில், அதைச் சர்வர் விரைவுபடுத்த முடியாது.

பார்ட்டி ஹால் அப்படி இல்லை. பெரும்பாலும் அதே இரண்டு மூன்று பேர்தான் கடைசிவரை உங்களோடு இருப்பார்கள். அங்கே முன்பணம் வேலை செய்யும், ஆனால் சும்மா கொடுத்தால் செய்யாது. கொடுக்க நினைத்ததில் பாதியை, விருந்தினர் வருவதற்கு முன், உங்கள் கையாலேயே ஒவ்வொருவரிடமும் கொடுங்கள். கூடவே குறிப்பாக ஒரு வேலையைச் சொல்லுங்கள். “நல்லா கவனிச்சுக்கோங்க” என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. “அந்த ஓர நாற்காலியில் உட்காரப்போவது எங்கள் அப்பா. அவருக்குச் சர்க்கரை உண்டு, ஜூஸ் வேண்டாம். எழுந்து பஃபேக்கு வர முடியாது, முதலில் அவருக்கு வைத்துவிடுங்கள்” என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். யாருக்கு, எப்போது, என்ன என்பது தெரிந்தால் அவர் செய்வார். மீதியைக் கிளம்பும்போது கொடுங்கள். மீதி உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முழுத்தொகையையும் முதலிலேயே கொடுத்துவிட்டால், அடுத்த ஹாலில் கூட்டம் வந்ததும் ஆள் அங்கே போய்விடலாம்.

அப்புறம், நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பேக்கேஜில் ‘சர்வீஸ் சார்ஜ்’ இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ரூ.30,000 பில்லில் 10 சதவீதம் என்றால் ரூ.3,000, அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி ரூ.150. பெயரைப் பார்த்துச் சர்வருக்குப் போகிறது என்று நினைக்கிறோம். பணம் போவது நிர்வாகத்தின் கணக்குக்கு. பில்லில் இதைத் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ய 2025 மார்ச் ஆகிவிட்டது. விதி வந்து, வழக்கு நடந்து, தீர்ப்பும் வந்தபிறகு இன்னமும் விருந்தினர் முன்னால் கவுன்ட்டரில் நின்று வாதாடவேண்டியது சாப்பிட வந்தவர்தான் என்றால் ஆணையம் எதற்கு?

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே “சர்வீஸ் சார்ஜ் கிடையாது” என்று மேனேஜரிடம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். மீறிச் சேர்த்தால் எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அந்தக் கோபத்தில் சர்வர்களுக்குச் சொன்ன மீதியைக் குறைக்காதீர்கள்; பில் போட்டது அவர்கள் அல்ல.