22 சதவீதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் ஏரோநாட்டிகல் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஏரோஸ்பேஸ் துறையில் மேற்படிப்பு படிக்க ஆசை. அமெரிக்காவில் எம்.எஸ். படிப்பதா, ஜெர்மனிக்குச் செல்வதா, கேட் நுழைவுத்தேர்வு எழுதி இங்கேயே எம்.டெக். சேர்வதா என்று முடிவெடுக்க முடியவில்லை. பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தத் துறை என்கிறார் பெரியப்பா. கணினித் துறைக்கு மாறிவிடு என்கிறார்கள் நண்பர்கள். விமான இறக்கையின் நுனியில் விங்லெட் என்ற சிறிய நிமிர்ந்த மடிப்பைப் பொருத்தினால், காற்று இறக்கையைப் பின்னுக்கு இழுக்கும் இழுவிசை 22 சதவீதம் குறைகிறது என்பதை என் ப்ராஜெக்டில், காற்றோட்டத்தைக் கணக்கிடும் ஃப்ளூயன்ட் மென்பொருள் மூலம் நிரூபித்திருக்கிறேன். இது விண்ணப்பத்துக்கு வலு சேர்க்குமா? எழுத வருவதற்கு முன் நீங்கள் இத்துறையில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மேற்படிப்பு பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதத் தூண்டியது, போகிற போக்கில் நீங்கள் சொல்லிச் சென்ற அந்த 22 சதவீதம்தான். ஒரு கணக்கின் விடையை மனிதர்கள் எந்த இடத்தில் நம்பத் தொடங்குகிறார்கள், எந்த இடத்தில் கேள்வி கேட்பதை நிறுத்துகிறார்கள் என்று சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து விழுந்தது. ஆகவே முதலில் திட்டிவிடுகிறேன்.

விங்லெட்டை இன்றைய வடிவில் ஆராய்ந்து முன்வைத்தவர் நாசாவின் ரிச்சர்ட் விட்கோம்ப், ஆண்டு 1976. அதன்பின் கேசி-135 என்ற பெரிய விமானத்தில் உண்மையாகவே அதைப் பொருத்திப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். எரிபொருள் சிக்கனத்தில் கிடைத்த முன்னேற்றம் 6.5 சதவீதம். வானூர்தி உலகம் அதையே கொண்டாடியது. கோவையில் ஒரு கல்லூரிக் கணினியில் 22 சதவீதம் வந்திருக்கிறது என்றால், உலகின் விமான நிறுவனங்கள் அனைத்தும் உங்கள் வாசலில் நின்றிருக்க வேண்டும், அல்லது அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வந்திருக்கக் கூடாது. இரண்டும் நடக்கவில்லை. நீங்கள் "நிரூபித்திருக்கிறேன்" என்று எழுதிவிட்டீர்கள்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். விங்லெட் பொருத்திய இறக்கை, அதே கோணத்தில், கூடுதலாகத் தூக்கும். எனவே இரண்டு இறக்கைகளையும் ஒரே கோணத்தில் வைத்து ஒப்பிடுவது பிழை; ஒரே தூக்குவிசையில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். இறக்கையின் முனையில் உருவாகும் சுழலைப் பிடிக்கும் அளவுக்கு அங்கே மெஷ், அதாவது கணக்குக்காகக் காற்றைச் சிறு கட்டங்களாக வெட்டும் வலை, நெருக்கமாக இருந்ததா? மூன்று வெவ்வேறு மெஷ்களில் ஓட்டி, விடை மாறாமல் நிற்கிறதா என்று பார்த்தீர்களா? சமன்பாடுகளில் மிஞ்சும் பிழையான எச்சம் 0.001-க்குக் கீழே இறங்கியதும் மென்பொருள் தானாக நின்றுவிடும். ஆனால் இழுவிசை அப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கக்கூடும். நின்றுவிட்டது என்பதற்காகச் சரியாகிவிட்டது என்று பொருளில்லை. காற்றின் கொந்தளிப்புக்கு எந்தக் கணித மாதிரியைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால், பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட கே-எப்சிலான் என்பீர்கள் என்று அஞ்சுகிறேன். மேற்பரப்பை விட்டு ஓட்டம் பிரியும் இடங்களில் அது தடுமாறும் என்பது பழைய செய்தி. விமான இறக்கைகளை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்ட ஸ்பாலார்ட்-ஆல்மராஸ் மாதிரி 1992-இலேயே வந்துவிட்டது. சிவப்பும் நீலமுமாகத் திரையில் வரும் படம் அழகாகத்தான் இருக்கும். தப்பான கணக்கும் அதே அழகோடுதான் வரும்.

நான் வேலை பார்த்த ஆய்வகத்தின் விண்ட் டனலில், அதாவது விசிறியால் காற்றைச் செலுத்தி இறக்கைகளைச் சோதிக்கும் கூண்டில், மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். முனைவர் பட்டக்காரர்கள் சோதனைக்கான சிறிய இறக்கையோடு வந்து நின்றால், அதன் மேற்புறத்தில் விரல் நீளக் கம்பளி நூல்களை வரிசையாக டேப் போட்டு ஒட்டுவார். விசிறி ஓடத் தொடங்கியதும் நூல்களெல்லாம் எண்ணெய் வைத்து வாரிய தலைமுடிபோலப் படிந்து கிடக்கும். கோணத்தை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றும்போது, பின்விளிம்பு ஓரத்து நூல்கள் முதலில் நடுங்கும். பிறகு எழும்பி, காற்றுக்கு எதிராகவே முன்னோக்கித் திரும்பும். ஓட்டம் இறக்கையை விட்டுப் பிரிகிற இடத்தை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான். அதற்கு முன் அது எனக்குப் பாடநூலில் ஒரு வளைகோடு மட்டுமே.

ஆனால் நான் சொல்ல வந்தது நூலைப் பற்றி அல்ல. விசிறியை ஓட்டுவதற்கு முன்னும், ஓட்டி நிறுத்திய பின்னும், பாலன்ஸ் என்று நாங்கள் அழைக்கும் விசை அளக்கும் தராசின் எண்ணை அவர் குறித்துக்கொள்வார். காற்றே இல்லாதபோது அது காட்டும் எண், முதலிலும் கடைசியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இடையில் எடுத்த அளவுகள் அத்தனையும் குப்பை. ஒருமுறை ஓர் ஆய்வு மாணவரின் நாள் முழுவதுமான உழைப்பு அப்படிப் போயிற்று. சின்ன வித்தியாசம்தானே, சரிக்கட்டிக்கொள்ளலாமே என்று அவர் ஏறக்குறைய கெஞ்சினார். "சும்மா இருக்கறப்பவே பொய் சொல்ற தராசு, காத்து அடிக்கிறப்ப நெசம் சொல்லுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, பெரியவர் நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். மேற்படிப்பு என்று நான் நினைப்பது அந்த ஒழுக்கத்தைத்தான். பட்டம் அதற்குக் கிடைக்கும் ரசீது.

ரைட் சகோதரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முதல் விமானம் பறந்த 1903 டிசம்பர் 17-ஆம் தேதியாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமானது 1901. அவ்வாண்டின் கோடையில் கிட்டி ஹாக்கில் அவர்கள் பறக்கவிட்ட கிளைடர், கணக்குப்படி வர வேண்டிய தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தந்தது. அவர்கள் கையில் இருந்தது ஜெர்மனியின் லிலியந்தால் வெளியிட்ட அட்டவணை; கூடவே, காற்றின் விசையைக் கணக்கிட ஸ்மீட்டன் மாறிலி என்ற பெயரில் நூறாண்டுக்கு மேலாக எல்லோரும் பயன்படுத்திவந்த 0.005 என்ற எண். வேறு யாராக இருந்தாலும் கிளைடரைக் குறை சொல்லியிருப்பார்கள். இவர்கள் டேட்டனில் தங்கள் சைக்கிள் கடையில் ஆறடி நீளத்தில் ஒரு மரப்பெட்டியைச் செய்து, ஒரு முனையில் விசிறி வைத்து, சைக்கிள் ஆரக்கம்பியையும் ரம்பத் தகட்டையும் கொண்டு தராசு கட்டி, சுமார் 200 சிறிய இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். மாறிலி 0.0033-க்கு அருகில்தான் இருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. மறு ஆண்டு அந்த அளவுகளை வைத்துச் செய்த கிளைடர் ஒழுங்காகப் பறந்தது. இருவரும் கல்லூரிக்குப் போனதில்லை. ஆனால் அந்தச் சில மாதங்களில் அவர்கள் செய்தது முதல்தரமான முதுகலை ஆய்வு.

நீங்கள் கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அக்னி-4 ஏவுகணைக்கு டெஸ்ஸி தாமஸ் திட்ட இயக்குநராக இருந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு மதிப்பில்லை. நண்பர்கள் அவரவர் வேலையைப் பார்க்கட்டும். அமெரிக்காவில் கல்வி சிறப்பானது, ஐயமில்லை. ஆனால் ராக்கெட், போர்விமானம் சார்ந்த தொழில்நுட்பங்கள் அங்கே ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களுக்கு அந்த வேலைகளின் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. லட்சக்கணக்கில் கடன் வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள், விசா முத்திரை விழுந்த பிறகு அல்ல. ஜெர்மனியில் எல்லாம் இலவசம் என்பது பழைய கதை: ஸ்டுட்கார்ட்டில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ, மியூனிக்கிலும் 2024 முதல் கட்டணம் வந்துவிட்டது. இங்கே கேட் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், சென்னை, பம்பாய், கான்பூர், கரக்பூர் ஐ.ஐ.டி.கள், திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறையின் ஐ.ஐ.எஸ்.டி. எல்லாம் உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.க்குச் சொந்த விமான ஓடுபாதையே இருக்கிறது. சென்னையில் ஆய்வுவழி எம்.எஸ். என்று ஒன்று உண்டு. உங்களைப் போன்றவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். தரவரிசைப் பட்டியல்களைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமையில்லை.

எங்கே சேர்ந்தாலும் பிரச்சினை சுவருக்கு, அதாவது இறக்கையின் மேற்பரப்புக்கு, பக்கத்தில்தான் இருக்கப்போகிறது. 1904-இல் ஹைடல்பெர்க்கில் கணிதவியலாளர் மாநாட்டில் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில் ஒரு சிறிய உரையில் சொன்னது அதைத்தான்: காற்றின் பிசுக்குத்தன்மை, பொருளின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில்தான் தன் வேலையைக் காட்டுகிறது. உராய்வால் வரும் இழுவிசை முழுவதும் பிறக்கிற இடம் அது. அந்த எல்லைப்படலத்துக்குள் உங்கள் மெஷ்ஷின் எத்தனை அடுக்குகள் இருந்தன? முதல் அடுக்கின் உயரத்தை எப்படித் தீர்மானித்தீர்கள்? அந்த அடுக்கு மேற்பரப்புக்கு எவ்வளவு நெருக்கம் என்று சொல்லும் ஒய்-பிளஸ் எண் என்ன வந்தது? இதற்கு விடை இல்லாமல் எழுதப்படும் இழுவிசைக் கணக்கு, எல்லைப்படலத்தைத் தொடாத கணக்கு. அந்த பிராண்டிலிடம் கோட்டிங்கெனில் படித்துத் திரும்பியவர்தான் வி. எம். காட்கே. 1942-இல் பெங்களூரில் தொடங்கிய வானூர்தித் துறையில் பாடம் நடத்தினார். பிறகு இந்துஸ்தான் விமான நிறுவனத்தில் எச்.டி.-2 பயிற்சி விமானத்தை வடிவமைத்தார். அது 1951-இல் பறந்தது. மேற்படிப்புக்கு வெளிநாடு போவதென்றால் அப்படிப் போக வேண்டும்: ஒரு வேலைமுறையைக் கற்றுக்கொள்ள.

விண்ணப்பத்தில் அந்த 22-ஐ எழுதாதீர்கள். படிக்கிற பேராசிரியர் அடுத்த வரிக்குப் போகமாட்டார். விங்லெட்டை ஓரமாக வைத்துவிட்டு நாகா 0012 என்ற, எல்லோரும் அறிந்த இறக்கைக் குறுக்குவெட்டு வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது சமச்சீரானது, கோணம் சுழியாக இருக்கும்போது தூக்குவிசையும் சுழியாக வர வேண்டும். வரவில்லையென்றால், சும்மா இருக்கும்போதே உங்கள் தராசு பொய் சொல்கிறது என்று அர்த்தம். பிறகு 4 டிகிரியில் ஓட்டுங்கள். தூக்குவிசையை அளக்கும் எண்ணான தூக்குக் கெழு 0.44-ஐ ஒட்டி வர வேண்டும். இழுவிசையை வெளியாகியிருக்கும் சோதனை அளவுகளோடு ஒப்பிடுங்கள். மூன்று மெஷ், மூன்று விடை, ஒரு வரைபடம். அதன் பிறகு விங்லெட்டுக்குத் திரும்பி, ஒரே தூக்குவிசையில் வைத்துக் கணக்கிடுங்கள். 4 சதவீதம் வந்தால் அதை எழுதுங்கள். முதலில் 22 ஏன் வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் தேர்வுக்குழுவில் இருந்தால் அந்த இரண்டாவது பத்திக்காகத்தான் உங்களுக்கு இடம் தருவேன். கேட் தேர்வு பிப்ரவரியில். அதற்குள் இதை முடிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. முடித்ததும் வரைபடத்தை எனக்கு அனுப்புங்கள், வண்ணப்படம் வேண்டாம்.