ஒரே வேஃபர், ஆளுக்கொரு சுருதி

கேள்வி: ஸ்பின் டார்க் நானோ ஆசிலேட்டர்களில் (மின்னோட்டம் செலுத்தினால் காந்தமாக்கல் அதிர்ந்து மைக்ரோவேவ் சிக்னல் தரும் நுண் சாதனங்கள்) ஆய்வு செய்கிறேன். ஒரே வேஃபரில் (மெல்லிய அடித்தகட்டில்), ஒரே மாஸ்க்கில் (வடிவ அச்சில்) செய்த பெர்மல்லாய் (நிக்கல்-இரும்புக் கலவை) வட்டுகள். காந்தமாக்கல் சுழல் நிலையில், அதாவது வட்டின் மையத்தைச் சுற்றி வளைந்தபடி, இருக்கிறது. ஆனால் வட்டுக்கு வட்டு அதிர்வெண் மாறுகிறது. ஒரே வட்டில்கூட, காந்தப்புலத்தைக் கொஞ்சம் கூட்டினால் அதிர்வெண் சட்டென்று தாவுகிறது. "அளவீடு சரியில்லை" என்கிறார் கைடு. என்ன செய்ய?
— ஓர் ஆய்வு மாணவி

பதில்: கைடு சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், அவரோடு வாதாடவும் வேண்டாம். ஒரு நாள் லேபில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

புது கால்வனைஸ்டு வாளியில் பூப்பூவாகத் தெரியுமே, அதில் ஒவ்வொரு பூவும் ஒரு துத்தநாகப் படிகம், அதாவது ஒரு கிரெய்ன். ஸ்பட்டரிங்கில் (அயனிகளால் அடித்து அணுக்களைப் பெயர்த்துப் படியவைக்கும் முறை) விழுந்த உங்கள் பெர்மல்லாய் படலமும் அப்படித்தான். என்ன, பூவின் அளவு பத்து நானோமீட்டர் வாக்கில் இருக்கும். வாளிக்கு அதனால் ஒன்றுமில்லை. உங்கள் வட்டிலோ சுழலின் மையக்கருவே (காந்தமாக்கல் வட்டுக்குச் செங்குத்தாக நிமிரும் நடுப்பகுதி) அதே பருமன்தான். கிரெய்ன் எல்லையில் அணுக்களுக்கு இடையிலான பரிமாற்றப் பிணைப்பு (பக்கத்து அணுக்களின் காந்தத்தை ஒரே திசையில் வைப்பது) தளர்ந்திருக்கும், படலமும் மேடுபள்ளமாக இருக்கும். ஆற்றல் குறைந்த இடத்தில், குழியில் விழுந்த மாதிரி, கரு போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே சிக்கியபடியே சின்னதாகச் சுற்றுவதால் அதிர்வெண் ஏறுகிறது. புலத்தைக் கூட்டினால் பிய்த்துக்கொண்டு அடுத்த குழிக்குத் தாவும். 2006-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் காம்ப்டனும் க்ரோவெல்லும் பெர்மல்லாய் வட்டுகளில் அளந்து காட்டியது இதைத்தான். (இது தெரியாமல் நான் மூன்று வாரம் கேபிள் மாற்றிக்கொண்டிருந்த கதை வேண்டாம்.)

ஒரே வட்டில் பத்து தடவை ஸ்வீப் எடுங்கள், அதாவது புலத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கி அளந்து பாருங்கள். ஏற்றத்தை ஏற்றத்தோடும் இறக்கத்தை இறக்கத்தோடும் மட்டும் ஒப்பிடுங்கள்; ஹிஸ்டரிசிஸ் இருக்கும், அதாவது ஏறும்போதும் இறங்கும்போதும் தாவல் வேறு வேறு இடத்தில் வரும். தாவல் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே மில்லிடெஸ்லாவில் வந்தால், அது அந்த வட்டின் கைரேகை. கண்ட இடத்தில் வந்தால் ப்ரோப் கான்டாக்டை (அளவீட்டு ஊசி வட்டின் மின்முனையைத் தொடும் இடத்தை) பாருங்கள், கைடு சொன்னதுதான் சரி. பிறகு கரன்ட்டைக் கூட்டிப் பாருங்கள். கரு பெரிய வட்டமாகச் சுற்றும்போது பல கிரெய்ன்களைக் கடந்து போகும், குழிகளின் பிடி சராசரியாகி மங்கிவிடும்.

"அனீல் செய் (சூடாக்கி ஆறவிடு), சரியாகிடும்" என்று சீனியர்கள் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். கிரெய்ன் வளர்ந்தால் எல்லைகள் குறையும், உண்மைதான். ஆனால் சின்ன வட்டுக்குள் நாலைந்து பெரிய கிரெய்ன்தான் என்றாகிவிட்டால், வட்டுக்கு வட்டு வித்தியாசம் இன்னும் கூடலாம். அதைவிட, போரான் கலந்த கோபால்ட்-இரும்புப் படலத்தில் இரண்டு வட்டு செய்து பாருங்கள். அது விழும்போதே படிகமில்லாமல் விழும், அனீல் செய்யாதவரை கிரெய்ன் தொல்லை பெரிதாக இருக்காது.