பி.எஸ்சி. மேத்ஸ் சேர்க்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். பிளஸ் டூ கணிதத்தில் 92 மதிப்பெண். பி.எஸ்சி. கணிதம்தான் படிப்பேன் என்கிறாள். உதவிபெறும் கல்லூரி ஒன்றில் சுயநிதிப் பிரிவில் இடம் தருகிறார்கள்; ஆண்டுக்கு 45,000 ரூபாய். உறவினர்களோ ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கட்டி மேனேஜ்மென்ட் கோட்டாவில் இன்ஜினீயரிங் சேர்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, விருதுநகர்

பதில்: ஒன்றரை லட்சம் கட்டவே வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. எனவே மகளின் விருப்பம் எதுவாக இருந்தாலும் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்து வையுங்கள்.

கணிதம்தான் என்றால், அரசு கலைக் கல்லூரிகளுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். நீங்கள் சொல்லும் கல்லூரியிலேயே அரசு நிதியில் நடக்கும் உதவிபெறும் பிரிவில் இடம் காலியாகிறதா என்றும் விசாரியுங்கள். இரண்டு பிரிவுக்கும் பட்டம் ஒன்றுதான், கட்டணம்தான் பல மடங்கு வித்தியாசம். பொறியியல் கலந்தாய்வு நடக்க நடக்க, கலைக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் சிலர் இடத்தை விட்டுப் போவார்கள். அந்த நேரத்தில் அலுவலகத்தில் மறுபடி கேட்க வேண்டும். சுயநிதிப் பிரிவிலேயே சேர்ந்தாலும் மூன்றாண்டுக்கு 1,35,000. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வீதம் 36,000 திரும்ப வரும்.

பணம் இப்படிச் சமாளிக்கக்கூடியதுதான். கவனிக்க வேண்டியது காலம். பி.இ. முடித்தவர் நான்காம் ஆண்டு முடிவில் வேலை தேடுகிறார். பி.எஸ்சி. மாணவர்களையும் ஐ.டி. நிறுவனங்கள் எடுக்கின்றன, ஆனால் தொடக்கச் சம்பளம் பொதுவாகக் குறைவு. நல்ல சம்பளத்துக்குப் பெரும்பாலும் மேலே இரண்டு ஆண்டுப் படிப்பு தேவைப்படும். ஐந்து ஆண்டு வீடு தாங்குமா என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று. 92 மதிப்பெண் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள். 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் வரிசை பூஜ்யத்தை நெருங்குகிறது என்பது மகளுக்குத் தெரியும். எந்த உறுப்பிலிருந்து எல்லாமே 0.001-ஐவிடச் சிறியவை என்று கேட்டால், 1001-ஆவதிலிருந்து என்பாள். எவ்வளவு சின்ன எண்ணைக் கொடுத்தாலும் அப்படி ஓர் உறுப்பு கிடைக்கும் என்று நிரூபிக்கச் சொல்லுங்கள். பி.எஸ்சி.யில் வரும் ரியல் அனாலிசிஸ் தாள் முழுக்க இப்படித்தான் இருக்கும். இதில் ஆர்வம் வந்தால் தாராளமாகச் சேருங்கள். விடையை மனப்பாடம் செய்தே மதிப்பெண் வாங்கியவர்களுக்கு இங்கேதான் அரியர் விழுகிறது.

சேரும் முன் துணைப்பாடம் என்ன என்று கேளுங்கள். புள்ளியியல் இருந்தால் அதையே எடுக்கச் சொல்லுங்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுத, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் இது தெரிந்து என்ன பயன்?

கேள்வி: அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. அடுத்து பி.எட்., எம்.சி.ஏ., எம்.எஸ்சி. மூன்றில் எது?
– வாசகர், சேலம்

பதில்: பட்டதாரி ஆசிரியராக பி.எஸ்சி. மூன்று, பி.எட். இரண்டு என ஐந்து ஆண்டு. கூடவே ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் இரண்டாம் தாளில் தேர்ச்சி. முதுகலை ஆசிரியர் என்றால் எம்.எஸ்சி.யும் சேர்ந்து ஏழு ஆண்டு. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. இடைப்பட்ட காலத்தில் தனியார் பள்ளிச் சம்பளத்தில் ஓட்ட முடியுமா என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும். எம்.சி.ஏ. இரண்டு ஆண்டு. புரோகிராமிங் பிடித்தால் போகலாம். ஆனால் பைத்தானையும் எஸ்.கியூ.எல்.லையும் இப்போதே தொடங்கிவிடுங்கள்.

எம்.எஸ்சி. என்றால் எங்கே படிக்கிறீர்கள் என்பதே முக்கியம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது; விண்ணப்பம் முந்தைய செப்டம்பர் வாக்கில் தொடங்கிவிடும். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். 30 கேள்விகளுக்குத் தவறான விடை எழுதினால் மதிப்பெண் கழிப்பார்கள். எண்ணாக விடை தரும் 20 கேள்விகளுக்குக் கழிவு இல்லை, ஆகவே அவற்றில் ஒன்றையும் விடாதீர்கள். லீனியர் அல்ஜீப்ரா, குரூப் தியரி, ரியல் அனாலிசிஸ் மூன்றும் கைவசம் இருக்க வேண்டும். கல்லூரித் தேர்வுக்குத் தேற்றத்தை அப்படியே எழுதிப் பழகியவர்கள், அதைப் பயன்படுத்தச் சொல்லும் ஜாம் கேள்வியில் திணறுகிறார்கள். பழைய வினாத்தாள்களை இந்த ஆண்டே போடத் தொடங்குங்கள். பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி இளநிலை ஆய்வாளர் தகுதி (ஜே.ஆர்.எஃப்.) பெற்றால், ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

கேள்வி: ஆக்சுவரி (காப்பீட்டு இடர்களைக் கணக்கிடும் நிபுணர்) ஆக பட்டம் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். பிளஸ் டூ முடித்ததுமே இந்திய ஆக்சுவரிகள் கழகம் நடத்தும் ஏசெட் நுழைவுத் தேர்வு எழுதலாம். அது வாசல்தான், அதற்கு அப்புறம் தாள் தாளாகப் பணம் கட்டி எழுத வேண்டும், பல ஆண்டுகள் பிடிக்கும். ஏசெட் முடித்து உறுப்பினர் கட்டணமும் கட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடுபவர்கள் நிறைய. படிக்கும்போதே சி.எஸ்.1 (புள்ளியியல்), சி.எம்.1 (ஆக்சுவரி கணிதம்) தாள்களை முடியுங்கள். முதலாவதில் ஆர் என்ற கணினி மொழியிலும் இரண்டாவதில் எக்செல்லிலும் கணினித் தேர்வு உண்டு. ஏதாவது தாள்களில் தேறியிருந்தால்தான் காப்பீட்டு நிறுவனங்கள் நேர்காணலுக்கே கூப்பிடும்.