வேப்பம்பூவும் பொங்கல் சீரும்

கேள்வி: அப்பா மறைந்த பிறகு, பூர்விக வீட்டுக்கான விடுதலைப் பத்திரத்தில் தம்பி கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பணம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு பொங்கல் சீர் வரவில்லை, அவனும் வரவில்லை. ஆறு ஆண்டுகளாகப் பேச்சில்லை. சித்திரை முதல் நாளன்று வேப்பம்பூப் பச்சடியைத் துப்பிவிட்டு, “கசக்கும் என்று தெரிந்தே ஏன் போடுகிறீர்கள் பாட்டி?” என்று பேரன் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாக்கில் படுவதற்கும் மனத்தில் கிடப்பதற்கும் கசப்பு என்று ஒரே சொல் இருப்பது தற்செயலா? நானே கசப்பாகிவிட்டேனா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதுதான் உங்களை உறங்கவிடாத கேள்வி என்று தோன்றுகிறது. ‘எங்களுக்குள் மனக்கசப்பு’ என்றுதான் நாம் சொல்லி வருகிறோம். அந்தச் சொல்லுக்கு இரண்டு பேர் வேண்டும்; அது ஒருவருடைய குணத்தின் பெயரன்று, இருவருக்கு நடுவே நேர்ந்துவிட்ட ஒன்றின் பெயர். முன்பின் தெரியாதவர் மீது நமக்குக் கோபம் வரலாம், வெறுப்பும் வரலாம், ஆனால் மனக்கசப்பு வருவதில்லை. ஒருகாலத்தில் இனித்த உறவைப் பற்றித்தான் ‘கசந்துபோயிற்று’ என்கிறோம். ஆகவே நீங்கள் கசப்பாகிவிடவில்லை.

ஒரே சொல் அமைந்தது தற்செயல் அன்று என்றே நினைக்கிறேன். கசப்புக்குப் பழைய பெயர் கைப்பு. குறை கூறும் சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் அரசனைப் பற்றிப் பேசும் வள்ளுவர் ‘செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்’ என்கிறார். நாக்கின் சுவையை அவர் காதுக்கே கொடுத்துவிடுகிறார். குறுந்தொகையின் 196-ஆம் பாடலில், மனம் மாறிப் போய்த் திரும்பிவந்து வாசலில் நிற்கும் தலைவனிடம் தோழி பேசுகிறாள்: என் தோழி அன்று வேம்பின் பசுங்காயைத் தந்தாலும் இனிய வெல்லக்கட்டி என்றீர், இன்று பாரியின் பறம்புமலைச் சுனையில் தை மாதத்தில் குளிர்ந்து கிடக்கும் தெளிந்த நீரைத் தந்தாலும், சுடுகிறது, உவர்க்கிறது என்கிறீர், உம் அன்பு அப்படி ஆகிவிட்டது. காயும் நீரும் மாறவில்லை, அன்பு மாறியதும் சுவை மாறிற்று என்று அவள் சொல்வதை உங்கள் கடிதத்தோடு சேர்த்து மீண்டும் படித்துப் பார்த்தேன்.

கசப்பு நாக்கில் எதற்காக இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தையின் நாவில் ஒரு துளி கசப்பு பட்டாலே முகம் சுளிக்கும். யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தாவரங்களில் உள்ள நஞ்சுகள் பலவும் கசப்பானவை என்பதால், இனிப்பை அறிய ஒரே வகை ஏற்பியைக் கொண்டுள்ள மனித நாக்கு, கசப்பை அறிய ஏறத்தாழ 25 வகை ஏற்பிகளை வைத்திருக்கிறது. கசப்பு ஒரு காவல். உங்கள் மனத்தில் எழுந்ததும் முதலில் காவலாகத்தான் எழுந்தது, அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை என்பதை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதிசெய்திருக்கிறது. நீங்கள் விட்டுக்கொடுத்தது சிறிய பொருள் அன்று. ஆனாலும் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். சொத்துதான் காரணம் என்றால் கையெழுத்திட்ட அன்றே கசந்திருக்க வேண்டும். நீங்களோ அடுத்து வந்த பொங்கலிலிருந்து கணக்கைத் தொடங்குகிறீர்கள். வீட்டைக் கொடுத்தால் தம்பி மிஞ்சுவான் என்று நம்பினீர்கள், அவன் மிஞ்சவில்லை. உங்களுக்குக் கசந்தது அதுதான்.

இது உங்கள் தம்பிக்குத் தெரிந்திருக்குமா? 1931-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. அருகில் இருந்தவர் தாங்கமுடியாத கசப்பு என்றார். ஃபாக்ஸின் நாக்கிலோ ஒரு சுவையும் இல்லை. பலரிடம் சோதித்தபோது, அந்தப் பொருள் சிலருக்குக் கடுமையாகக் கசக்கும், சிலருக்குச் சுவையே தெரியாது என்பதும், அது பிறவியிலேயே அமைவது என்பதும் பின்னர் தெளிவாயின. ஒரே அறையில் ஒரே காற்றைச் சுவாசித்த இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. உங்கள் தம்பி செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. சீர் நின்றுபோனதை அவர் ஒரு வழக்கம் விட்டுப்போனதாக மட்டும் எண்ணியிருக்கலாம். அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டே ஆறு ஆண்டுகள் ஒதுங்கியிருக்கவும் கூடும். சொல்லாதவரை அவருக்குத் தெரிய வழியில்லை.

‘போகட்டும், மறந்துவிடு’ என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்த அறிவுரையில் உடன்பாடு இல்லை. பாகற்காயை நறுக்கியதும் நாம் வெல்லத்தையா தேடுகிறோம்? உப்புப் போட்டுப் பிசறி வைத்து, விடும் நீரைப் பிழிகிறோம். அதன் பிறகுதான் புளியும் வெல்லமும். பிழிந்த நீரோடு கொஞ்சம் கசப்பு போகிறது, எஞ்சியதை உப்பு நாக்கிலேயே அடக்குகிறது. இனிப்பான சமாதான வார்த்தைகளை முதலில் ஊற்றினால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். நடந்ததைச் சுருக்கமாக, வசவு இல்லாமல் ஒரு கடிதமாக எழுதுங்கள். வீட்டைப் பற்றி ஒரு வரி போதும். “பொங்கலுக்கு நீ வரவில்லை, நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்பதை மட்டும் விடாமல் எழுதுங்கள். பதில் வராமலும் போகலாம். அப்படியானால் உங்களுக்குள் இன்னும் கொஞ்சம் கசப்பு இருக்கும், அதோடு வாழ முடியும். தை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பேரனுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. ஆறு சுவைகளில் கசப்பும் ஒன்று, பண்டிகை நாளில் அதற்கும் இலையில் இடம் உண்டு என்று சொல்லுங்கள். அடுத்த சித்திரையில் பூவை நெய்யில் கருகாமல் சிவக்க வறுத்து, மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடியில் கடைசியாகத் தூவி, அவனுக்கு விரல் நுனியளவு மட்டும் கொடுங்கள். துப்பினால் துப்பட்டும்.