வரிசைப்படுத்தினால் 100 ஏன் 9-க்கு முன்னால் வருகிறது?

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் 40, 9, 100 என்ற விலைகளை ஒரு அர்ரேயில் (array, மதிப்புகளின் பட்டியல்) வைத்தேன். அதை இன்னொரு மாறிக்குக் கொடுத்து சார்ட் (sort, வரிசைப்படுத்தல்) செய்தால் 100, 40, 9 என வருகிறது. பழைய அர்ரேயும் மாறிவிட்டது. மாறியை அறிவிக்கும்போது கான்ஸ்ட் (const) போட்டும் ஏன் இப்படி?

பதில்: இதில் இரண்டு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. முதலில் வரிசை. சார்ட்டை வெறுமனே அழைத்தால், அது எண்களையும் எழுத்துகளாக மாற்றித்தான் ஒப்பிடும். 100 என்பது 1-இல் தொடங்குவதால் முன்னால் போய் நிற்கிறது. முதல் மதிப்பிலிருந்து இரண்டாவதைக் கழித்துத் தரும் ஒரு சின்ன ஃபங்ஷனை சார்ட்டின் அடைப்புக்குள் கொடுங்கள். 9, 40, 100 என்று சரியாக வரும். தமிழ்ப் பெயர்களை அடுக்கும்போதும் இதே கவனம் தேவை. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 'ன' என்பது 'ந'-வுக்கு அடுத்தே இருப்பதால், வெறும் சார்ட் நம் அகரவரிசையைக் குலைத்துவிடும். அங்கே மொழிக்கேற்ப ஒப்பிடும் லோகேல்கம்பேர் (localeCompare) பயன்படுத்தி, மொழி தமிழ் என்று குறிப்பிடுங்கள்.

இரண்டாவதுதான் பலரையும் மணிக்கணக்கில் அலைய வைப்பது. சமக்குறி போட்டால் அர்ரே நகலாவதில்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு சாவி மாதிரி, இரண்டு மாறிகளும் அதே அர்ரேயைத்தான் காட்டுகின்றன. சார்ட்டோ இருக்கும் அர்ரேயையே மாற்றி அடுக்கும். புதிதாக ஒன்றை உண்டாக்காது. கான்ஸ்ட் தடுப்பது அந்த மாறிக்கு வேறொன்றைக் கொடுப்பதை மட்டுமே. உள்ளே இருப்பவை மாறுவதை அது தடுக்காது.

ஆகவே சதுர அடைப்புக்குள் மூன்று புள்ளியும் அர்ரேயின் பெயரும் போட்டு நகலெடுத்து, அந்த நகலை சார்ட் செய்யுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் 2023 பதிப்பில் டூசார்ட்டட் (toSorted) வந்துவிட்டது: மூலத்தைத் தொடாமல் வரிசைப்படுத்திய புது அர்ரேயைத் தரும். நோட் (Node.js) 20, குரோம் உலாவி 110 முதல் கிடைக்கிறது. புதிதாக எழுதும் நிரலில் இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒரு விஷயம், உங்கள் அர்ரேயில் பொருளின் பெயரும் விலையும் சேர்ந்த ஆப்ஜெக்டுகள் இருந்தால், இந்த இரண்டு வழியிலும் அவை நகலாகாது. நகலில் ஒரு விலையைத் திருத்தினால் மூலத்திலும் மாறும். அவற்றையும் பிரிக்க, உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து நகலெடுக்கும் ஸ்ட்ரக்சர்டுகுளோன் (structuredClone) வேண்டும்.

அப்புறம், அர்ரேயை உருவாக்க எப்போதும் சதுர அடைப்பையே பயன்படுத்துங்கள். நியூ அர்ரே (new Array) என்று எழுதி 40 என்ற ஒற்றை எண்ணைக் கொடுத்தால், 40 என்ற விலை கிடைக்காது, நாற்பது காலி இடங்கள்தான் கிடைக்கும்.